பம்ப்பைக் கழற்றும் முன் டேங்க்கைப் பாருங்கள்!

தை இரண்டாம் தேதி இருட்டியதும் அலங்காநல்லூரை நோக்கி வரும் எல்லாச் சாலைகளிலும் பிக்கப் வண்டிகள்தான். சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல், தேனி என்று எங்கெங்கிருந்தோ வருகின்றன. பின்னால் வைக்கோல் பரப்பி, குறுக்கே கம்பு கட்டி, நடுவில் காளை. அதைச் சுற்றி நாலைந்து பேர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பனியில் நடுங்கியபடி. விடிந்தால் வாடிவாசல். முதலில் கோயில் காளை. பிறகு டோக்கன் வரிசைப்படி மற்ற காளைகள். வருஷம் முழுக்க நீச்சலும் நடையும் பழக்கி, பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு வளர்த்த மாடு, தன் முறை வரும்போது வரிசையில் நிற்க வேண்டும். வழியில் வண்டி நின்றுபோச்சு என்று சொன்னால் டோக்கன் காத்திருக்காது.

மாடு மட்டுமல்ல. விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டிய மல்லிகை, பரவை மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய கத்தரிக்காய், சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைத்தார் எல்லாமே இந்த டீசல் பிக்கப்புகளை நம்பித்தான் இருக்கின்றன. பூ ஏற்றிய வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் அன்றைய விலை போய்விடும்.

இப்படி நிற்கும் வண்டிகளுக்கு வழக்கமாக ஒரு கதை இருக்கும். ஒரு வாரமாகவே காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்திருக்கும். மேடு ஏறும்போது இழுவை குறைந்திருக்கும். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்திருக்கும். 'பொங்கல் முடியட்டும் பார்த்துக்கலாம்' என்று ஓட்டியிருப்பார்கள். ஒருநாள் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுவார். 'பி0087' என்று ஒரு கோடு வரும். அடுத்த வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "பம்ப் போயிருச்சுண்ணே."

அந்த ஒரு வார்த்தையின் விலை பல பத்தாயிரம் ரூபாய். பம்ப்போடு இன்ஜெக்டர்களும் சேர்ந்தால் செலவு இன்னும் ஏறும். உண்மையிலேயே பம்ப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால், ஸ்கேனர் அப்படிச் சொல்லவில்லை. பி0087 என்றால் 'ரெயிலில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை' என்று மட்டும்தான் அர்த்தம். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டுவது போல. டெங்குவா, சளியா என்று தெர்மாமீட்டருக்குத் தெரியாது.

கிணற்று மோட்டார் தெரிந்தவருக்கு இது புதிதல்ல

அலங்காநல்லூர் பக்கம் எந்த விவசாயியையும் கேட்டுப் பாருங்கள். கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் அவர் மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மோட்டார் வாங்கப் போகமாட்டார். முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார், தண்ணீர் இருக்கிறதா என்று. அடுத்து ஃபுட் வால்வு. அதில் தழை அடைத்திருக்கிறதா, வாஷர் தேய்ந்து தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறதா? பிறகு உறிஞ்சு குழாயின் இணைப்புகள். அங்கே ஊசி முனை ஓட்டை இருந்தாலும் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். 'ஏர் புடிச்சிருச்சு' என்று சாணித் தண்ணியைக் கரைத்து ஊற்றுவதும் அதற்காகத்தான். இத்தனையும் பார்த்த பிறகுதான் மோட்டாரின் மேல் கை வைப்பார்.

டீசல் வண்டியிலும் அதே கணக்குதான். டேங்க் கிணறு. அதற்குள் இறங்கியிருக்கும் குழாயும் அதன் நுனியிலுள்ள சல்லடையும் ஃபுட் வால்வு மாதிரி. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக ஒரு பைப், கையால் அமுக்கும் பிரைமர், தண்ணீரைப் பிரிக்கும் டீசல் ஃபில்டர். அதைத் தாண்டித்தான் பம்ப். பல பிக்கப்புகளில் இந்தப் பம்ப்பின் முதுகிலேயே சிறிய கியர் பம்ப் ஒன்று இருக்கும். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுப்பது அதன் வேலை. சில வண்டிகளில் டேங்க்குக்குள்ளேயே எலெக்ட்ரிக் மோட்டார் இருந்து டீசலை முன்னால் தள்ளும். உங்கள் வண்டி உறிஞ்சும் ரகமா, தள்ளும் ரகமா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேடும் விதமே மாறும்.

தள்ளும் ரகத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் ரகத்தில் இன்ஜின் ஓடும்போது ஓட்டை வழியாக டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடக்கும். 'லீக்கே இல்லையே' என்று சத்தியம் செய்வார்கள். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, குழாயில் நின்ற டீசல் மெல்ல டேங்க்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடித்தால் முதல் இருபது முப்பது விநாடிக்குப் பம்ப்புக்குக் கிடைப்பது வெறும் காற்று. ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் காலை மறுபடி அதே கதை.

காற்று நுழையும் இடங்கள் எல்லாமே அற்பமானவை. பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர். பைப்பை இறுக்கும் கிளிப். வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸ். ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு. மாட்டுக்கொட்டகை ஓரம், வைக்கோல் படப்பு பக்கத்தில் நிறுத்தும் வண்டி என்றால் எலியையும் சந்தேகப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸ் அதற்குப் பல் தேய்க்கும் குச்சி.

புது ஃபில்டர் போட்ட மறுநாளே தொல்லை ஆரம்பிப்பதும் உண்டு. பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

"ஏம்ப்பா, நேத்துதான ஃபில்டர் மாத்துனேன்? ஃபில்டர்ல கோளாறுங்கிற?"

"மாத்துனது சரிதாண்ணே. பழைய ஃபில்டரோட ரப்பர் ரிங்கு மேலயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு மேலயே புதுசை ஏத்தி முறுக்கிட்டாங்ய. ரெண்டு ரிங்கு உக்காந்திருந்தா காத்து வாங்காம என்ன செய்யும்?"

அந்தப் பழைய ரிங்கை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அது தெரியாமல் பம்ப் மாற்றியிருந்தால், புதுப் பம்ப்பும் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு கேன், ஒரு முழம் கண்ணாடி ட்யூப்

காற்று வருகிறதா என்று கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டீசல் தாங்கும், உள்ளே தெரிகிற ட்யூப்பை மாட்டி இன்ஜினை ஓடவிடுவார்கள். அதில் டீசல் தேன் மாதிரித் தெளிவாக ஓட வேண்டும். ஃபில்டர் மாற்றிய உடனே கொஞ்ச நேரம் குமிழிகள் வருவது இயல்பு. நின்ற பிறகும் சோடா பாட்டில் மாதிரித் தொடர்ந்து வந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். பிறகு ட்யூப்பை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டே போனால், எந்த இடத்துக்கு முன்னால் குமிழி இல்லையோ, அந்த இடத்துக்கும் அடுத்த இணைப்புக்கும் நடுவில்தான் ஓட்டை.

பிரைமரும் ஒரு சாட்சி. அமுக்க அமுக்க அது கல் மாதிரி இறுக வேண்டும். எத்தனை தடவை அமுக்கினாலும் பஞ்சு மாதிரியே இருந்தால் டீசல் வருவதில் தடை, அல்லது காற்று. இறுகி, அரை மணி நேரத்தில் தானாகத் தளர்ந்துவிட்டால் எங்கோ பின்வாங்குகிறது.

இதையெல்லாம்விடக் கறாராகத் தீர்ப்புச் சொல்வது கேன் சோதனை. சுத்தமான டீசல் ஐந்து லிட்டரை ஒரு கேனில் எடுத்து, புது ஹோஸ் போட்டு, டேங்க்கையும் பழைய பைப்புகளையும் ஒதுக்கிவிட்டு ஃபில்டருக்கு நேராகக் கொடுப்பது. ரிட்டர்ன் லைனையும் அதே கேனில் விட்டுவிடலாம். இப்போது வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகி, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒழுங்காக எகிறினால், கோளாறு டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான். பம்ப் பிழைத்தது. கேனில் கொடுத்தும் மாற்றமே இல்லை என்றால், ஃபில்டரைப் புதுசாக மாற்றி இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதும் சரியாகவில்லை என்றால்தான் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகிப்பதற்கு நியாயம் வருகிறது. இது நிற்கும் வண்டியில் செய்யும் சோதனை என்பதை மறக்க வேண்டாம். கேனை கேபினுக்குள் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்று கிளம்புவது நெருப்பை மடியில் கட்டிக்கொள்வது.

பம்ப்பை மாற்றச் சொல்லும் எவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேன் கட்டிப் பார்த்தீங்களாண்ணே?" பார்த்தேன் என்றால் அவர் பேச்சைக் கேட்கலாம். முகம் சுளித்தால் இன்னொரு பட்டறையைத் தேடலாம்.

டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை ஒன்று இருக்கும், அல்லது தனி பிரீதர் ஹோஸ் இருக்கும். சேறு அடைத்துவிட்டால் டீசல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். பத்து கிலோமீட்டர் ஓடி நிற்கும்; டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும்; மறுபடி ஸ்டார்ட் ஆகும். இப்படி நடந்தால் வேறு வைத்தியமே வேண்டாம், துளையைச் சுத்தம் செய்தால் போதும். டேங்க்குக்குள் விழுந்த துணித் துண்டோ பாலித்தீன் காகிதமோ சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்வதும் உண்டு. வண்டி நின்றதும் உறிஞ்சல் விட்டு அது விலகிவிடும். ஐந்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி வண்டி கிளம்பும். பேய் பிடித்த வண்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றுவது இந்த வண்டிகளுக்குத்தான்.

வைகை அணை அளவும் ரெயில் அழுத்தமும்

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இன்றைய வண்டிகள் இப்படி மண்டியிடுகின்றன? பழைய வண்டிகள் சமாளித்தனவே என்று கேட்கலாம். அழுத்தத்தின் அளவுதான் காரணம். வைகை அணை 71 அடி நிரம்பி நிற்கும்போது அதன் அடிமட்டத்தில் தண்ணீரின் அழுத்தம் சுமார் 2 பார். காமன் ரெயில் இன்ஜினில் முழு லோடு இழுக்கும்போது ரெயிலுக்குள் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரை போகும். அணையின் அடியில் இருப்பதைப் போல 700 மடங்குக்கும் மேல். சும்மா நின்று ஓடும்போதே 250, 300 பார் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது ஏறக்குறைய 150 முதல் 200 பார் வரை ஏறினால்தான் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்கும். அந்த அளவைத் தொடாவிட்டால் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தாலும் ஒரு துளி டீசல் உள்ளே போகாது.

டீசல் இன்ஜின் பிறந்த காலத்தில் எரிபொருளை அழுத்தப்பட்ட காற்றால் ஊதித்தான் உள்ளே அனுப்பினார்கள். 1927-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்புகளைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே லாரிகளில் டீசல் இன்ஜின் பரவலானது. அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, 2008-ல் பெயரை மாற்றிக்கொண்டாலும், நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் மைக்கோதான். அந்தக் கால மைக்கோ பம்ப்புகள் முரட்டு ஜீவன்கள். ஏர் பிடித்தால் நாசில் நட்டை லேசாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, காற்றைப் பீய்ச்சிவிட்டு இறுக்கினால் ஓடும். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ காரில் வந்த காமன் ரெயில் படிப்படியாகப் பிக்கப் வரை இறங்கிவிட்டது. பழைய கைப்பழக்கத்தில் இதன் நட்டைத் தளர்த்தக்கூடாது.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஓடும் இன்ஜினில் ரெயில் பைப்பிலிருந்து ஊசி மாதிரிப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு முள் குத்திய தழும்பு அளவுதான் தெரியும். முதலில் பெரிய வலியும் இருக்காது. உள்ளே போன டீசல் சதையை அழிக்க ஆரம்பித்து, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போய், 'அதிக அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது' என்றே சொல்ல வேண்டும். கசிவைத் தேட கையை நீட்டாதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டினால் போதும். இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் வடியச் சில நிமிஷம் விட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தை மாதத்துக் கோளாறுகளுக்கு விதை விழுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். காளை வைத்திருப்பவர்களின் வண்டி பல மாதம் அரை டேங்க்கோடு நிற்கும். டேங்க்குக்குள் வரும் ஈரக்காற்று ராத்திரிக் குளிரில் துளித்துளியாகப் படியும். டிராக்டருக்கும் டீசல் மோட்டாருக்கும் வாங்கி வைத்த பேரலிலிருந்து ஒரு கேன் எடுத்து ஊற்றுவார்கள். பேரலின் மூடி மழையில் நனைந்திருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் நேராக அடியில் போய் நிற்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புப் பாசி மாதிரி வழவழப்பாகப் படிந்து ஃபில்டரை அடைக்கும்.

ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிஷம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் அது தண்ணீர். துரு நிறத்தில் இருந்தால் டேங்க்கே அரிக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் போய் சுத்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். நிறைய வந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

காமன் ரெயில் பம்ப்புக்குள் தனியாக இன்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. டீசலே அதற்கு எண்ணெய். தண்ணீரோ காற்றோ கலந்து வந்தால் இரும்பும் இரும்பும் நேராக உரசும். இதனால்தான் இழுவை குறைந்த வண்டியை 'பொங்கல் வரை ஓட்டலாம்' என்று ஓட்டுவது ஆபத்து. ஆரம்பத்தில் போகாமல் இருந்த பம்ப், அந்த ஒரு மாதத்தில் உண்மையிலேயே போய்விடும். சில ரூபாய் செம்பு வாஷரில் முடிந்திருக்க வேண்டிய செலவு, பல ஆயிரம் ரூபாயாக மாறுவது இப்படித்தான்.

மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கமும் இன்னும் அங்கங்கே இருக்கிறது. மண்ணெண்ணெயில் வழுக்கும் தன்மை குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் வரும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டதால், பம்ப்பைக் காப்பாற்றத் தேவையான வழுவழுப்பைத் தனியாகச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயை ஊற்றுவது மிச்சப்படுத்துவது ஆகாது.

புது ஃபில்டரை மாட்டும்போது அதற்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவதும் வேண்டாம். நடுத்துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டாமல் நேராகப் பம்ப்புக்குப் போகும். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான்; பம்ப்புக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் உரசும் பாகங்களின் இடைவெளி ஓரிரு மைக்ரான்கள்தான். காலி ஃபில்டரை மாட்டி, பிரைமரை அமுக்கி நிரப்புவதே முறை. கை வலிக்கும், பரவாயில்லை.

சூட்டில் மக்கர் செய்தால் வேறு கணக்கு

கோளாறு எப்போது வருகிறது என்பதை வண்டிக்காரர் சரியாகச் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். ராத்திரி நின்று காலையில் மட்டும் அடம்பிடித்தால் காற்று. சமதளத்தில் ஒழுங்காக ஓடி, லோடோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் ஃபில்டர் அடைப்பு, சல்லடை அடைப்பு. ஒரு காளையும் நாலு ஆளும் ஏறினால் பிக்கப்புக்கு அது பெரிய பாரமே இல்லை, கோளாறு ஒளிந்துகொள்ளும். நெல் மூட்டையோடு ஓட்டினாலோ, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினாலோ தெரிந்துவிடும்.

காலையில் குளிர்ந்த இன்ஜின் பட்டென்று பிடிக்கிறது, ஆனால் நாற்பது கிலோமீட்டர் ஓடி டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்கவில்லை என்றால் மட்டும் கவலைப்பட வேண்டும். சூட்டில் டீசல் இளகி நீர்த்துப்போகும். தேய்ந்த இன்ஜெக்டரின் உள்ளிடுக்குகள் வழியாக அது ரிட்டர்ன் லைனுக்கே ஓடிவிடும். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் ரெயிலில் அழுத்தம் நிற்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

இதற்கும் சோதனை எளிது. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களிலும் தனித்தனியாக ஒரே மாதிரி பாட்டில்களைத் தொங்கவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால் சரி. மூன்றில் விரல்கடை அளவும் ஒன்றில் பாதி பாட்டிலும் இருந்தால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. நாலையும் மாற்றச் சொன்னால், பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், பம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் மீட்டரிங் வால்வு. எவ்வளவு டீசலை உயர் அழுத்தத்துக்கு விட வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தச் சின்ன மின்சார வால்வுதான். பல பம்ப்புகளில் இதை மட்டும் தனியாக மாற்றலாம். ரெயில் முனையிலுள்ள ரிலீஃப் வால்வு கசிகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. சென்சாரைச் சோதிக்க, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். அழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நிற்கும் வண்டியில் 80, 100 பார் என்று காட்டினால் பொய் சொல்வது சென்சார் அல்லது வயர். இங்கே ஸ்கேனர் உண்மையிலேயே கைகொடுக்கும். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வண்டி ஓடும்போது இந்த இரண்டு எண்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்கத் தெரிந்தவரே நல்ல மெக்கானிக்; கோடை மட்டும் படித்துவிட்டு அழித்துவிடுபவர் அல்ல.

இத்தனையும் தாண்டி, பம்ப்பேதான் என்று முடிவானால் ஃபில்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மீட்டரிங் வால்வின் வாயிலும் பார்க்க வேண்டும். ஜிகினாத் தூள் மாதிரி மின்னினால் பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு அந்த இரும்புத் தூளை ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை அனுப்பிவிட்டது என்று பொருள். அப்போது பம்ப்பை மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறை, வாடிக்கையாளரைச் சில வாரங்களில் மறுபடி பார்க்கும். டேங்க்கையும் பைப்புகளையும் கழுவி, ரெயிலையும் இன்ஜெக்டர்களையும் சோதித்த பிறகே புதுப் பம்ப் ஏற வேண்டும். மின்னல் எதுவும் இல்லையென்றால், பழுது பார்க்கத் தெரிந்த பம்ப் சர்வீஸ் மையத்தில் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு செலவுக்கு ஒப்புக்கொள்ளலாம்.

மாட்டு வண்டிக்காரர்கள் மார்கழி கடைசி வாரத்தில் ஒருநாள் ஒதுக்கினால் போதும். ஃபில்டரில் தண்ணீர் வடித்து, டேங்க் மூடித் துளையைப் பார்த்து, பைப்பு கிளிப்புகளை இறுக்கி, பத்துப் பன்னிரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டுச் சாலையில் ஏறி இறங்கிவிட்டு, வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, விடிகாலையில் ஒரே செல்ஃப்பில் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தை பிறக்க இன்னும் சில நாள் கையில் இருக்கிறது. ஃபில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அதன் மேலேயே பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. வண்டியில் ஒரு புது ஃபில்டர், நாலு செம்பு வாஷர், இரண்டு கிளிப், ஒரு முழம் கண்ணாடி ட்யூப் எப்போதும் கிடக்கட்டும். நடுராத்திரி பாலமேடு ரோட்டில் எந்தக் கடையும் திறந்திருக்காது.